கோடை வெயிலில் நீர்புகாச் சப்பாத்து: ஓஷினன் ஏரி வரை நடந்து பார்த்ததில் தெரிந்தவை

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரக் கடையொன்றில், "மலைக்கு என்றால் நீர் புகாத சப்பாத்துத்தான்" என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னதை நம்பி, கணுக்காலை மூடும் தோற்சப்பாத்து ஒன்றை 220 பிராங் கொடுத்து வாங்கினேன். இளவேனிலில் ஈரப் புல்லிலும் பனி உருகிய சேற்றிலும் நான்கு முறை நடந்தபோது அதில் ஒரு குறையும் தென்படவில்லை. ஆகவே, பேர்ணில் வெப்பம் 33 பாகையைத் தொடும் என்று அறிவிக்கப்பட்டிருந்த ஒரு ஜூலைச் சனிக்கிழமையன்று, அதே சப்பாத்துடன் கண்டர்ஷ்டேக் என்ற மலைக்கிராமத்துக்கு மேலுள்ள ஓஷினன் ஏரிக்குப் புறப்பட்டேன்.

கண்டர்ஷ்டேக்கிலிருந்து கம்பிவடக் கூண்டில் ஏறினால் 1,682 மீற்றர் உயரத்தில் இறங்கலாம்; 1,578 மீற்றரில் இருக்கும் ஏரிக்கு அங்கிருந்து சுமார் அரை மணி நேர நடைதான். சப்பாத்தைச் சோதிக்க அது போதாது என்பதால், ஹொய்பேர்க் வழியாக ஓபர்பேர்க்லி வரை ஏறி, பிறகு ஏரிக்கரைக்கு இறங்கும் வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளமிட்ட மலைப்பாதையில் சென்றேன். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் அரைப் பாகைக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மரங்கள் முடிந்த பிறகு ஒதுங்க நிழலே இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். ஓபர்பேர்க்லியிலிருந்து இறங்கும் செங்குத்தான பகுதியில், தூசி படிந்த பாறைப் படிகளில் அடிப்பாகம் ஒருமுறைகூட வழுக்கவில்லை; விரல்கள் முன்பக்கத்தில் இடிக்கவுமில்லை. குதிகாலை அது பிடித்திருந்த விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

சிக்கல் உள்ளே இருந்தது. இத்தகைய சப்பாத்துகளில் தோலுக்கும் உள்துணிக்கும் இடையே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் என்பதே விளம்பரம். அது பொய்யில்லை, ஆனால் உள்ளே சூடும் ஈரமும் மிகுந்து வெளியே குளிர்ந்தும் உலர்ந்தும் இருந்தால்தான் ஆவி வேகமாக வெளியேறும். வெயிலில் காய்ந்த தோல் வெளிப்புறத்தையும் சூடாக்கிவிட்டால் அந்த வேறுபாடு சுருங்கி, வியர்வை உள்ளேயே தேங்கிவிடுகிறது. முதல் மணி நேரத்திலேயே காலுறை பாதத்தில் ஒட்டத் தொடங்கியது. போதாக்குறைக்கு, வழியில் ஓர் ஓடையைக் கடக்கையில் கல் தவறி, மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. நீரை உள்ளே விடாத சவ்வு வெளியேயும் விடாது என்பதை அதன் பிறகு ஒவ்வோர் அடியிலும் கேட்ட 'சளக்' சத்தம் நினைவூட்டிக்கொண்டே வந்தது.

ஏரிக்கரையில் சப்பாத்தைக் கழற்றிக் காலுறையைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. பாதம் நெடுநேரம் சலவை செய்த கையைப் போல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடது சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம். பனிமலைகளிலிருந்து வரும் நீரில் காலை வைத்தபோது கிடைத்த சுகத்துக்காகவே இன்னொரு முறை நடக்கலாம் என்று தோன்றியது, அந்தச் சப்பாத்தோடு அல்ல. அதை வீட்டில் பத்திரிகைத் தாளை அடைத்து வைத்தும் முழுதாய் உலர இரண்டு நாள் எடுத்தது.

இளவேனில், இலையுதிர்காலம், மழை நாள் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் நடப்பவர்கள் சவ்வு இல்லாத, வலைத்துணி வைத்த சப்பாத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. பல நிறுவனங்கள் ஒரே மாதிரியைச் சவ்வுடனும் சவ்வில்லாமலும் விற்கின்றன, பின்னது பெரும்பாலும் விலையிலும் குறைவு. என்னிடம் அந்த விற்பனையாளர் எந்த மாதத்தில் நடப்பீர்கள் என்று கேட்கவேயில்லை.