லீவில் கடலூர் வரும்போது: பிள்ளையின் தடுமாற்றத்துக்கு எங்கே போகலாம்?

எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை அடிக்கடி தடுக்கியும் விழுகிறான் என்று, பழைய ரிப்போர்ட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வரும் பெற்றோர் உண்டு. அவர்களுக்காக, இந்த முறை பார்த்ததும் விசாரித்ததும்.

ஊரிலேயே படிக்கும் அக்கா, தம்பி பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் போதும். சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் அங்கே வருகிறார்கள். 18 வயது வரை, மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் இடையீட்டுச் சேவை மையத்திலும் கேட்கலாம். புதுச்சேரி என்றால் கோரிமேடு ஜிப்மர். காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள்.

ஒரு தனியார் பயிற்சி மையத்தில் கண்ணில் பட்டது இது. ஏழு வயதுப் பிள்ளை, பெரியவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. கால் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது. இடுப்பு வழுக்கி முன்னால் வருகிறது, முதுகு கூன் போடுகிறது. தாளைப் பிடிக்க வேண்டிய இடது கை நாற்காலி விளிம்பைப் பிடித்திருக்கிறது. விழாமல் இருப்பதற்கே கவனமெல்லாம் போனால் எழுத்துக்கு என்ன மிஞ்சும்? "நிமிர்ந்து உட்காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களே தவிர, நாற்காலியை யாரும் மாற்றவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. காலுக்கடியில் இறுகக் கட்டிய பழைய பேப்பர் கட்டு, முதுகுக்கு மடித்த போர்வை, இவ்வளவுதான் தேவை. பாதம் முழுக்கப் பதிய வேண்டும். முழங்காலும் இடுப்பும் ஏறக்குறைய 90 டிகிரி. மேஜை முழங்கை உயரம்.

ஆறு வயதுப் பிள்ளை பொதுவாக ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கும். வெறுங்காலில், இரண்டு காலிலும், மூன்று தடவை பாருங்கள். காதில் நீர் கோத்திருந்தாலும் தடுமாறும் என்பதால் காதையும் கண்ணையும் முதலில் காட்டிவிடுங்கள். தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுந்தாலோ, கெண்டைக்கால் புடைத்திருந்தாலோ அது தசை நோயாக இருக்கலாம். தசை சிதைகிறதா என்று காட்டும் சிபிகே (CPK) ரத்தப் பரிசோதனை வேண்டும். நன்றாக நடந்த பிள்ளை புதிதாகத் தள்ளாடி, காலையில் தலைவலி, வாந்தி என்றும் சொன்னால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

பேலன்ஸ் போர்டில், அதாவது ஆடும் பலகையில், நிற்கவைத்தால் படிப்பு வரும் என்று பேக்கேஜ் விற்கிறார்கள். நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது, பணம் கட்டாதீர்கள். ஒலியையும் எழுத்தையும் இணைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் படிப்பு வரும். உடம்புக்கும் எந்த வேலை வரவில்லையோ அந்த வேலையையே பழக்க வேண்டும்: சைக்கிள் என்றால் பெடலைக் கழற்றி, இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி, காலால் உந்தி உருளவிடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் முதலில் ஈர மணலில் நடக்கவையுங்கள், பிறகு உதிரி மணலில்.

மூன்று வார லீவில் இது முடியாது. கிளம்புவதற்குள் பயிற்சிகளைத் தமிழில் எழுதி வாங்கி, தெரபிஸ்ட் செய்துகாட்டுவதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.