பி650-ஆ, பி760-ஆ? நீண்ட நாள் உழைக்க வேண்டிய கேமிங் பிசிக்கு எந்த மதர்போர்டு

கேமிங்குக்கென்று புது பிசி கட்ட உட்கார்ந்தபோது, அலசிப் பார்த்ததில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள பி650 போர்டு ஒன்று, இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் உள்ள பி760 போர்டு இன்னொன்று. பி650-ஐ எடுத்து அதில் ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர் போட்டேன். இன்றைக்கு வாங்கினாலும் அந்தப் பக்கம்தான் போவேன்.

வைஃபை, எம்.2 ஸ்லாட், ஆடியோ, விளக்கு அலங்காரம் எல்லாம் இரண்டிலும் போதுமான அளவு உண்டு. பி760-க்கு நிஜமான சாதகம் ஒன்று இருக்கிறது. பழைய தலைமுறை டிடிஆர்4 ராம் போடக்கூடிய மாடல்கள் அதில் கிடைக்கும்; ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டும்தான். பழைய பிசியில் 32 ஜிபி டிடிஆர்4 சும்மா இருந்தால், ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் அது நல்ல மிச்சம்.

ஆனால் எட்டு, பத்து வருடம் ஓட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சாக்கெட்டின் ஆயுளை. போர்டு உயிரோடு இருந்தும் அதில் போட அடுத்த ப்ராசஸர் இல்லையென்றால், அந்த போர்டு தன் வேலையைப் பாதியில் முடித்துக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

இன்டெலின் கணக்கைப் பாருங்கள். 2015-இல் எல்ஜிஏ1151 வந்தது. 2017-இல் எட்டாம் தலைமுறை வந்தபோது சாக்கெட் பெயர் அதேதான், ஆனால் பழைய போர்டில் ஓடாது, 300 வரிசை போர்டு வேண்டும் என்றார்கள். 2020-இல் எல்ஜிஏ1200, அதற்கு இரண்டு தலைமுறை. 2021-இல் எல்ஜிஏ1700 வந்து 12, 13, 14 என்று மூன்று தலைமுறை பார்த்தது. 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்துவிட்டது. ஆக, இப்போது பி760 வாங்குகிறவர் ஏற்கெனவே வந்து முடிந்த பட்டியலுக்குள்தான் மேம்படுத்த முடியும்.

ஏஎம்டி பக்கம், 2017-இல் முதல் ரைசனுக்காக வாங்கிய ஏஎம்4 போர்டுகளில் பலவற்றுக்கு 2022-இல் பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்தது. அதைப் போட்டுவிட்டு 5800எக்ஸ்3டி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர். ஐந்து வருடப் பழைய போர்டில் அந்தச் சமயத்தின் முன்னணி கேமிங் ப்ராசஸர்! ஏஎம்5-உம் 2022-இல் தொடங்கி, 7000 வரிசைக்குப் பிறகு 2024-இல் வந்த 9000 வரிசையையும் அதே போர்டில் ஏற்றுக்கொண்டது. 2027 வரைக்கும் அதற்கு மேலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சொன்னதை ஏஎம்4-இல் செய்து காட்டியவர்கள் என்பதால் நம்புகிறேன்.

சாக்கெட் ஆயுளுக்கு இன்னொரு முகமும் உண்டு. வாரண்டி பெரும்பாலும் மூன்று வருடம். ஆறாவது வருடம் போர்டு செத்தால், ப்ராசஸர் நன்றாக இருக்கும், போர்டு எங்கே கிடைக்கும்? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய இன்டெல் சாக்கெட்டுக்குப் போர்டு கேட்டால், பெரும்பாலும் கையில் தருவது பெயர் தெரியாத கம்பெனி போர்டு. இல்லையென்றால் எங்கிருந்தோ கழற்றிய செகண்ட் ஹேண்ட். ஏஎம்4-க்கு அப்படி இல்லை, அந்த சாக்கெட் ஓய்வு பெறும் வயதிலும் பெரிய கம்பெனிகளின் புது போர்டுகள் சீல் பிரிக்காமல் விற்பனைக்கு இருந்தன. ஒரு சாக்கெட் எத்தனை வருடம் சந்தையில் இருக்கிறதோ, அத்தனை வருடம் மாற்றுப் போர்டும் கிடைக்கும்.

அடுத்தது சூடு. ப்ராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம் பகுதிதான் போர்டில் அதிகம் வேகிற இடம். கெப்பாசிட்டர்கள் சூட்டில்தான் வயதாகின்றன. சாதாரண எலக்ட்ரோலைடிக் வகைக்குப் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது பழகிய கணக்கு. இப்போது வரும் சாலிட் வகை இன்னும் தாங்கும், ஆனால் சூடு அதற்கும் பகைதான். இன்டெலின் கோர் ஐ7 14700கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். 7800எக்ஸ்3டி கேம் ஓடும்போது பெரும்பாலும் 100 வாட்டுக்குள் நின்றுவிடும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், இந்த வித்தியாசத்தைப் போர்டு தினமும் உணரும்.

ஏஎம்5-இல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. முதல் தடவை ஆன் செய்யும்போது ராமைப் பழக்க சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும்; பதறி ஆஃப் செய்யக் கூடாது. நான்கு ராம் போட்டால் வேகம் குறையும், இரண்டோடு நிறுத்துவது நல்லது. 2023-இல் சில போர்டுகளில் மின்னழுத்தம் மிகுந்து ப்ராசஸர்கள் கருகின. பயாஸ் அப்டேட்டில் அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டினார்கள். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைக்கும் 2024-இல் இப்படியொரு மின்னழுத்தச் சிக்கல் வந்து, அதற்கும் மருந்து பயாஸ் வழியாகத்தான் வந்தது.

அதனால் எந்தப் பக்கம் போனாலும், பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக எடுங்கள். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலுக்கு மேனுவலில் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் செருகி, பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கி அடங்கும்வரை தொடாமல் இருந்தால் போதும். ப்ராசஸரே இல்லாமல் வேலை முடியும். ஏழாவது வருடம் புது ப்ராசஸர் மாட்ட நினைக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஏஎம்5-இல் பி650-க்கு மேலே உள்ள எக்ஸ்670இ போர்டு வரை போகத் தேவையில்லை என்பது என் கருத்து. அதில் ஒன்றுக்கு இரண்டு சிப்செட் சிப்கள் (யுஎஸ்பி போன்ற போர்ட்டுகளைக் கவனிப்பவை). கேம் விளையாடுபவருக்கு அந்தக் கூடுதல் போர்ட்டுகளால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்தப் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாங்கலாம்.

என் போர்டு இன்னும் வாரண்டிக்குள்தான் இருக்கிறது, அதனால் பத்து வருட உழைப்புக்கு நானே சாட்சி சொல்ல முடியாது. ப்ராசஸரை மாற்றுகிற எண்ணமே இல்லாமல், கையில் டிடிஆர்4 ராமும் வைத்திருப்பவருக்கு பி760 நன்றாகவே பொருந்தும். எதை வாங்கினாலும் சாக்கெட் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாமல் பில்லோடு வையுங்கள். இரண்டு சாக்கெட்டிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. மூடியில்லாமல் சர்வீஸுக்கு அனுப்பி வழியில் பின் வளைந்தால் வாரண்டியில் எடுக்க மாட்டார்கள்.