கொத்தா, சங்கிலியா? காரண-விளைவுக் கட்டுரைக்கு எது சரிவரும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். பாதிப் பேர் பிளஸ் டூ, மீதி கல்லூரி முதலாண்டு. காரண-விளைவுக் கட்டுரை என்றாலே ஒரே கேள்விதான்: "அக்கா, காரணத்தை எல்லாம் முதல்ல எழுதிட்டு விளைவை அப்புறம் எழுதலாமா, இல்ல மாத்தி மாத்தி எழுதணுமா?"

உன் இஷ்டம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பொய். வடிவத்தை முடிவு பண்ணுவது எழுதுகிறவர் இல்லை, எடுத்துக்கொண்ட விஷயம். புழக்கத்தில் இருப்பவை மூன்று: பல காரணம் சேர்ந்து ஒரு விளைவு, ஒரு காரணத்தால் பல விளைவு, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் சங்கிலி. முதல் இரண்டையும் நான் கொத்து என்பேன், பத்திகள் ஒரே காம்பில் தொங்கும்.

முதலாவதற்கு நான் கொடுக்கும் தலைப்பு, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழை வந்தால் ஏன் மூழ்குகிறது என்பது. பிள்ளைகள் கடகடவென்று எழுதிவிடுவார்கள்: மழை, தாழ்வான இடம், அடைத்த வடிகால். தேர்வுக்கு இதுதான் பத்திரமான வடிவம், அரை மணி நேரத்தில் மூன்று காரணம், மூன்று பத்தி, முடிந்தது. குறை என்னவென்றால் மூன்றுக்கும் சமமான எடை கொடுத்து மளிகைச் சீட்டு மாதிரி ஆக்கிவிடுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை முழுக்கத்தான் கொட்டியது. மழை மட்டுமே காரணம் என்றால் மேட்டுத் தெருவும் அதே அளவு, அத்தனை நாள் நின்றிருக்க வேண்டுமே? இந்த ஒரு கேள்வியைக் கட்டுரைக்குள்ளேயே கேட்டுவிட்டால் போதும், மழை உடனடிக் காரணம், நிலத்தின் தாழ்வும் வடிகாலும் அடிப்படைக் காரணம் என்று தானாகப் பிரிந்துவிடும். அடிப்படைக் காரணத்தைக் கடைசியில் வையுங்கள். திருத்துகிறவர் மனதில் நிற்பது அதுதான்.

இரண்டாவது, ஒரு காரணம் பல விளைவு. மீன்பிடித் தடைக்காலம் இதற்குக் கச்சிதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வரத்து குறையும், வஞ்சிரம் விலை ஏறும், ஐஸுக்குக் கிராக்கி இருக்காது, வலை பின்னவும் படகைப் பழுது பார்க்கவும் நேரம் கிடைக்கும், மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குவதால் அங்கிருந்து மீன் வந்து இறங்கும். எழுத எளிது, படிக்கக் கொஞ்சம் அலுப்பு. விளைவுகளை யாருக்கு என்று பிரித்துக்கொண்டால் (படகுக்காரர், கூடை வியாபாரி, வாங்குகிறவர்) அலுப்பு குறையும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, நான் அடிபட்டதும் அதில்தான். கல்லூரியில் "ராயபுரம் கடற்கரை ஏன் காணாமல் போனது" என்று எழுதினேன். காரணங்கள் என்று ஒரு பக்கம்: துறைமுகம், அலை, புயல், கொட்டிய கற்கள். விளைவுகள் என்று ஒரு பக்கம்: மணல் போனது, வீடு போனது, கற்கள் கொட்டினார்கள். பேராசிரியர் இரண்டு பக்கத்திலும் இருந்த 'கற்கள்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, வேறு எதுவும் எழுதாமல், பாதி மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். ரொம்ப நாள் கோபம் இருந்தது. அந்தச் சுழிப்பிலேயே பாடம் இருந்தது பிற்பாடுதான் புரிந்தது: ஒரே பொருள் இரண்டு பட்டியலிலும் வந்தால் அது கொத்து இல்லை, சங்கிலி.

எப்படி என்று பாருங்கள். வருடத்தின் பெரும்பகுதி நம் கரையோரம் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகிறது. 1876இல் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை அரிப்பது நிற்கவில்லை, ஆகக் கரை உள்வாங்கியது, வீடுகள் போயின. வீட்டைக் காப்பாற்றக் கற்கள் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். அதனால் அந்த இடம் தப்பித்தது, அதற்கு வடக்கே இருக்கிற இடத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சம் மணலும் நின்றது, அரிப்பு திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. ராயபுரத்தில் விளைவாக வந்த கல், அடுத்த ஊருக்குக் காரணம்.

"அப்போ மெரினாவை எங்கக்கா வைக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. மெரினா அவ்வளவு அகலமானது தெற்கே தேங்கிய அதே மணலால்தான், ஆனால் நம் கதை போவது வடக்கே. கிளை பிரியும் இடத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும், அங்கேயே சுண்டல் சாப்பிட உட்கார்ந்துவிடக் கூடாது.

சங்கிலியில் ஆபத்தும் அதிகம். ஒரு கண்ணி பொய்யானால் அதற்குப் பிறகு எழுதியது எல்லாம் வீண். "2004 சுனாமிக்கு அப்புறம்தான் கரை போச்சு" என்று ஒருத்தன் தொடங்கினான். அரிப்பு அதற்கு எத்தனையோ வருடம் முன்பே நடந்துகொண்டிருந்தது, அப்படியிருக்கச் சுனாமி எப்படி முதல் காரணமாகும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கண்ணிக்குக் கண்ணி "எப்படி?" என்று கேட்டு, ஒரு வரியிலாவது பதில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியாத இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, மொழி. "கல் கொட்டினார்கள், ஏனென்றால் கரை அரித்தது" என்பது ஆங்கில வாக்கியத்துக்கு வேட்டி கட்டியது. "கரை அரித்ததால் கல் கொட்டினார்கள்" என்றால் காரணம் முன்னால் வந்து விளைவைக் கையோடு இழுத்து வருகிறது. அந்த வகையில் சங்கிலி தமிழுக்கு வாகானது. அதற்காக எட்டு வாக்கியத்துக்கு எட்டு 'எனவே' போட்டால் நீதிமன்றத் தீர்ப்பு படிக்கிற மாதிரி இருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை. பத்திகளை முன்பின்னாக மாற்றிப் படியுங்கள். அர்த்தம் கெடவில்லை என்றால் கொத்து, குழம்பிவிட்டால் சங்கிலி. தேர்வறையில் நேரம் குறைவாக இருந்தால், தலைப்பும் விட்டுக்கொடுத்தால், முதல் வடிவத்தையே எடுங்கள், வீரம் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து எழுதும் ஒப்படைப்பு, போட்டி என்றால் சங்கிலி.

போன வாரம் காசிமேட்டுப் பெண் ஒருத்தி தடைக்காலத்தை எழுதி வந்தாள். பத்திகளை மாற்றிப் போட்டோம், எல்லாம் நின்றது, ஒன்றைத் தவிர: வருமானம் இல்லாததால் வியாபாரியிடம் கடன், கடனால் தடை முடிந்த பிறகும் அவர் சொன்ன விலைக்கே மீன், அதனால் அடுத்த வருடமும் கடன். அந்தப் பத்தியை மட்டும் கடைசிக்குத் தள்ளி ஒரு பக்கத்துக்கு வளர்க்கச் சொன்னேன், மற்றதை அப்படியே விடச் சொல்லிவிட்டேன்.