ஒரே பாட்டு, பல பதிவுகள்: நடனத் தளத்தில் ‘ஸ்டாம்பின் அட் த சவாய்’

1930களின் ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் ஸ்விங் நடன மாலைகளுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் எல்லோரிடமும் ‘ஸ்டாம்பின் அட் த சவாய்’ என்ற பாட்டு இருக்கும். எந்தப் பதிவு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நான் லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனத்தை ஆட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. பாட்டுப் போடுவதும் கூடவே சேர்ந்துகொண்டது. இந்த ஒரு பாட்டின் வெவ்வேறு பதிவுகளை நானே ஆடிப் பார்த்திருக்கிறேன், மற்றவர்கள் ஆடுவதை மேடை ஓரத்தில் நின்று கவனித்தும் இருக்கிறேன். உட்கார்ந்து கேட்க எனக்குப் பிடித்த பதிவு ஒன்று, தளம் நிரம்புகிற பதிவு வேறொன்று. அது ஏன் என்று எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பாட்டைப் பற்றி. மெட்டு எட்கர் சாம்ப்சனுடையது. பெயரில் இருக்கும் சவாய், நியூயார்க்கின் ஹார்லெமில் லெனக்ஸ் அவென்யூவில் 1926 முதல் 1958 வரை இயங்கிய நடனக்கூடம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவது அமெரிக்காவில் அரிதாக இருந்த காலத்தில் அங்கே எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். உள்ளே இரண்டு மேடைகள்; ஒரு குழு முடித்தால் மற்றது தொடங்கிவிடும், இசை நிற்கவே நிற்காது. ஃபிராங்கி மேனிங், நார்மா மில்லர் போன்றவர்கள் லிண்டி ஹாப்பை வளர்த்தெடுத்தது அந்தத் தரையில்தான்.

நடனக்காரருக்கு இந்தப் பாட்டு வசதியாக இருப்பதற்கு அதன் கட்டமைப்பு ஒரு காரணம். ஒரு சுற்று 32 பார் (நான்கு தாள அடி சேர்ந்தது ஒரு பார்). எட்டெட்டாக நான்கு பகுதிகள்: முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. எட்டு பாருக்கு 32 அடி, அதாவது லிண்டி ஹாப்பின் அடிப்படை அசைவான, எட்டு எண்ணிக்கையில் ஆடும் ஸ்விங் அவுட் சரியாக நான்கு. மூன்றாவது பகுதியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) இரண்டு பாருக்கு ஒருமுறை இடம் பெயர்ந்துகொண்டே போகும். இசை தெரியாதவர்கள்கூட ‘இங்கே ஏதோ மாறுகிறது’ என்று உடம்பில் உணர்வார்கள். முக்கிய மெட்டோ இரண்டே இரண்டு சுரங்கள், பிறகு ஓர் இடைவெளி. குழுவின் ஒரு பிரிவு அந்த இரண்டு சுரத்தைச் சொல்ல, இன்னொரு பிரிவு அந்த இடைவெளியில் பதில் சொல்லும். ஆடுகிறவர்கள் தங்கள் சரக்கைக் காட்டுவதும் அந்த இடைவெளியில்தான். எனவே எந்தப் பதிவைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது அந்த இடைவெளிக்குள் ஆடுகிறவர் புகுந்துகொள்ள நேரம் இருக்கிறதா என்பதை.

அந்த விஷயத்தில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழு 1936 ஜனவரியில் சிகாகோவில் செய்த பதிவை மிஞ்ச ஆளில்லை. நிதானமான வேகம். கேள்வியும் பதிலும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். ஜீன் க்ருபாவின் டிரம்ஸ் அலட்டாமல் அடியைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக ஆட வந்தவர்கள் மூன்றாவது சுற்றுக்குள் பாட்டின் வடிவத்தைப் பிடித்துவிடுகிறார்கள்; அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடிகிறது, ஊகம் பலிக்கும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அனுபவசாலிகளுக்கும் இது சலிப்பதில்லை, ஏனென்றால் மெதுவான வேகத்தில்தான் சின்னச் சின்ன கால்வேலைகளைச் செய்ய முடியும். மாலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டுமென்றால் என் கை தன்னால் இந்தப் பதிவுக்குத்தான் போகும். நீண்ட காலப் பயன்பாட்டில் ஒரே ஒரு குறை: கொஞ்சம் அதிகமாகவே வழுவழுப்பு. தளம் ஏற்கெனவே சூடாக இருக்கும்போது இதைப் போட்டால் சூடு இறங்கிவிடுகிறது.

சூட்டுக்கு டிரம்ஸ் கலைஞர் சிக் வெப்பிடம் போக வேண்டும். சவாயின் ஆஸ்தான குழு அவருடையதுதான். சிறுவயதில் முதுகெலும்பில் வந்த காசநோயால் கூனும் குட்டையான உடலுமாக வளர்ந்தவர், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஹார்லெமே அசையும் என்று பெயரெடுத்தார். 1937 மே மாதம் குட்மேன் குழு சவாய்க்கே வந்து அவர் குழுவோடு இசைப் போட்டியில் மோதியது. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த அந்த இரவில் நடனக்காரர்கள் வெப் பக்கம்தான் நின்றார்கள். க்ருபாவே அவரை மேலானவர் என்று ஒப்புக்கொண்டார்.

வெப் குழு இந்தப் பாட்டைப் பதிவு செய்தது 1934இல், குட்மேனுக்கு இரண்டு வருடம் முன்னால். அப்போது சாம்ப்சன் அந்தக் குழுவிலேயே சாக்ஸஃபோன் வாசித்துக்கொண்டிருந்தார். குட்மேன் பதிவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் வேகம் முதலில் தூக்கிவாரிப் போடும். வேகம் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 160 அடி என்றால் 32 பார் சுற்று ஒன்றுக்கு 48 வினாடி. 200 என்றால் 38 வினாடிதான். அதே பதினாறு ஸ்விங் அவுட்டை பத்து வினாடி குறைவாக ஆடி முடிக்க வேண்டும். இடைவெளி சுருங்குகிறது, யோசிக்க நேரம் இல்லை, உடம்பு தானாகச் செய்வதுதான் வெளியே வரும். அதனால் இதை நான் பின்னிரவில்தான் போடுவேன். அப்போது தளத்தில் ஆட்கள் குறைவு. ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் ஆடுவதைப் பார்த்தால், இந்தப் பாட்டு எந்தக் கூடத்துக்காக எழுதப்பட்டது என்பது புரிந்துவிடும். சொந்தமாக எனக்கு மிகவும் பிடித்த பதிவு இதுதான். ஒரே வருத்தம், அந்தக் காலத்து ஒலிப்பதிவில் டிரம்ஸ் அடங்கியே கேட்கும். நேரில் வெப்பைக் கேட்டவர்கள் வியந்து பேசிய அந்த அடியின் முழுப் பலமும் இசைத்தட்டில் ஏறவில்லை.

குட்மேனே 1936 கடைசியில் டெடி வில்சன் (பியானோ), லயனல் ஹாம்ப்டன் (வைப்ரஃபோன்), க்ருபா ஆகியோரோடு நால்வர் குழுவாக இதை மறுபடி பதிவு செய்தார். அருமையான வாசிப்பு. ஆனால் அடித்தள ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸ் கிடையாது, கிட்டாரும் இல்லை. சின்ன அறையில் பரவாயில்லை. பெரிய கூடத்தில் பின்வரிசைக்காரர்களுக்குக் காலடி வைக்கத் தரை இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. அதே நால்வர் 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க்கின் கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலில் வாசித்ததும் கிடைக்கிறது. அது உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு வாசித்தது, நடனத்துக்கு வேண்டாம். அதே இரவில்தான் சவாயில் வெப்பின் குழுவும் பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவும் மோதின! கச்சேரி முடித்த கையோடு கலைஞர்கள் பலர் அங்கே ஓடினார்கள்.

பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 1957 பதிவை எனக்குத் தெரிந்த எல்லோரும் விரும்புகிறார்கள், நானும்தான். ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ஹெர்ப் எல்லிஸ் கிட்டார், ரே பிரவுன் பேஸ், லூயி பெல்சன் டிரம்ஸ். ரே பிரவுனின் பேஸ் ஒவ்வோர் அடியையும் காலுக்கு அடியில் கொண்டுவந்து வைக்கிறது. முப்பதுகளின் தட்டுகளில் இந்தச் சுகம் கிடைக்காது. ஃபிட்ஸ்ஜெரால்ட் பதின்ம வயதில் சேர்ந்த குழு வெப்புடையது. 1939இல் வெப் இறந்த பிறகு குழுவுக்குத் தலைமை ஏற்றதும் ஃபிட்ஸ்ஜெரால்ட்தான். அந்த வரலாறு தெரிந்து கேட்டால் அவர் குரலில் இருக்கும் உரிமை வேறு மாதிரி ஒலிக்கும். சிக்கல் நீளத்தில்தான். ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே பிடித்ததால் அந்தப் பதிவுகள் ஒரு ஜோடி களைக்காமல் ஆடும் நீளத்தில் தானாகவே அமைந்துவிட்டன. அறிமுகமில்லாத இருவர் ஐந்து நிமிடம் சேர்ந்து ஆடுவது கஷ்டம். பாதியில் கைவசம் இருக்கும் அசைவுகள் தீர்ந்துவிடும். மாலையின் கடைசிப் பாட்டாக, நண்பர்கள் நண்பர்களோடு ஆடும் நேரத்தில் போட்டால் அதே நீளம் வரமாகிறது.

ஜூடி கார்லண்ட் 1936இல், பதினான்கு வயதில், பாப் கிராஸ்பி குழுவோடு பாடியது இன்னொன்று. எப்போதாவது ஒரு மாற்றத்துக்குப் போடலாம். டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுனும் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் 1954இல் செய்ததை வீட்டில் கேளுங்கள்.

கடைசியாக, வாங்கும்போது கவனிக்க வேண்டியது. முப்பதுகளின் பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் பல டிஜிட்டல் பதிப்புகள் சுற்றுகின்றன. சிலவற்றில் தட்டின் கரகரப்பை நீக்குகிறேன் என்று டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஒலியையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள். ஹெட்ஃபோனில் சுத்தமாகத்தான் இருக்கும். கூடத்தில் போட்டால் போர்வை போர்த்தியது போல் மங்கி, ஆடுகிறவர்கள் அடி எங்கே என்று தேடுவார்கள். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், நடனத்துக்கு அது தடையே இல்லை. முதல் முப்பது வினாடியில் ஒவ்வோர் அடிக்கும் ரிதம் கிட்டாரின் ‘சக் சக்’ கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் வேறு பதிப்பைத் தேடுங்கள்.