நள்ளிரவில் பளீர்: கையால் செய்த ரீஃப் லைட், மூன்று வருடம் கழித்து

பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிக்கான எல்இடி விளக்குதான் ரீஃப் லைட். அதன் ரெடிமேட் விலை இறங்கியிருக்கிறதே, இன்னமும் நாமே செய்வது லாபமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் கடைசியில். அதற்கு முன்னால் ஒரு பழைய எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

தொட்டி 60 செ.மீ. நீளம். 450 நானோமீட்டர் ராயல் ப்ளூ எல்இடி 16, நியூட்ரல் ஒயிட் 8. எட்டெட்டாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மூன்று சரம். ஒரு எல்இடிக்குச் சுமார் 3.2 வோல்ட், ஆக சரத்துக்குக் கிட்டத்தட்ட 26 வோல்ட். 36 வோல்ட் பவர் சப்ளை, சரத்துக்கு ஒரு 700 மில்லிஆம்ப் டிரைவர் (கரண்டை ஒரே அளவில் வைக்கும் மாட்யூல்), மங்கலாக்க ஒரு ஆர்டுயினோ நானோ (ப்ரோகிராம் ஓடும் குட்டி போர்டு). வழக்கமான கூட்டணிதான்.

கரண்ட் போய் வந்தால், ராத்திரி இரண்டு மணியானாலும் மூன்று சரமும் நூறு சதவீதத்தில் பளீரென்று எரிந்து ஓரிரு நொடியில் அடங்கும். ஃபயர்ஃபிஷ் மாதிரியான துள்ளும் மீன் இருந்து, மேலே வலை இல்லையென்றால் காலையில் தரையில்தான் தேட வேண்டும். மங்கலாக்கும் சிக்னல் வரும் டிம் பின்னில் எதுவும் இணையாவிட்டால் இந்த டிரைவர் அதை ‘முழு வெளிச்சம்’ என்று எடுத்துக்கொள்ளும். நானோ விழித்து ப்ரோகிராம் ஓடத் தொடங்கும்வரை அதன் பின்கள் எதிலும் இணையாத மாதிரி அந்தரத்தில்தான் நிற்கும். டேட்டாஷீட்டில் இது ஒரே வரியில் இருக்கிறது. படிக்காதவன் மேல்தான் தப்பு. இருந்தாலும் மங்கலாக்கவென்றே விற்கும் பொருள், சிக்னல் போனால் அணைய வேண்டாமா?

பளீர் என்பதாவது ஓரிரு நொடி. உப்புக்காற்றில் டிம் ஒயரின் செம்பு பச்சை பூத்து அறுந்தால் நாள் முழுக்க நூறு சதவீதம். முப்பது சதவீதத்துக்குப் பழகிய பவளம் சில நாளிலேயே வெளுத்துவிடும்.

மருந்து மலிவு: டிம் பின்னுக்கும் டிரைவரின் மைனஸ் இன்புட்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். அதை நானோ பக்கம் வைத்தால் ஒயர் அறுந்த அன்று பயனில்லை. டிரைவர் காலிலேயே சால்டர் செய்யுங்கள். 10 கிலோஓமில் ஆரம்பித்து, சிக்னல் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். டிம் பின் 0.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லையென்றால் இன்னும் சின்ன மதிப்பு போடுங்கள், நானோவால் அதை 5 வோல்ட்டுக்கு இழுக்க முடிகிற அளவுக்குள். கரண்ட் போனாலும் நானோ நேரம் மறக்காமலிருக்க காயின் பேட்டரி உள்ள கடிகார மாட்யூலும் வேண்டும்.

மற்றதில் பெரிய புகார் இல்லை. எல்இடி உட்காரும் ஸ்டார் போர்டுகளின் பேடுகளுக்கு (ஒயர் சால்டர் செய்யும் இடம்) ஈயம் பூசிய பிறகே, சூட்டை இழுக்கும் அலுமினிய ஹீட்சிங்கில் ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் சால்டரிங் அயர்ன் சூட்டையெல்லாம் அலுமினியம் குடித்துவிடும். ஒவ்வொரு பேடுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச். டிரைவர் ஓடும்போது சரத்தைக் கழற்றி மாட்டினால் எல்இடி போய்விடும். இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளாதவர் குறைவு. முன்னால் ஒரு அக்ரிலிக் தகடு போட்டால் எட்டு சதவீத வெளிச்சம் போகும், போகட்டும். உப்பு எல்இடியில் படிவதைவிட அது மேல். ஃபேன் வருடத்துக்கு ஒன்று சாகும், அதைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எல்இடி போய் சரமே அணைந்தாலும், அந்த ஒன்றை மட்டும் பெயர்த்து, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, வேறொன்றை வைக்கக் கால் மணி நேரம் போதும். சேர்த்து அடைத்த ரெடிமேட் லைட்டில் ஒரு சேனல் போனால் பெரும்பாலும் முழு போர்டையே மாற்ற வேண்டும். தண்ணீர் அசையும்போது மணலில் விழும் அந்த நீல அலையும் இதில் அழகு.

லாபமா என்றால், இல்லை. பவர் சப்ளை, ஹீட்சிங்க், லென்ஸ், டிரைவர் எல்லாம் கூட்டினால் இன்றைய ரெடிமேட் விலையை எட்டிவிடும், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தனி. வாங்கிவிடுங்கள். பழைய ஹீட்சிங்க் சும்மா கிடக்கிறதென்றால் மட்டும் ரெசிஸ்டரோடு ஆரம்பிக்கலாம்.