சதுரத் தம்ப்நெய்ல்: நடுவில் வெட்டுவதா, ஓரம் நிரப்புவதா?

ஆப்பின் பட்டியலில் காட்டப் படத்தின் சிறிய சதுர வடிவம், அதாவது தம்ப்நெய்ல், தயாரிக்க வேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை போனை நிமிர்த்திப் பிடித்து 3:4 அளவில் எடுத்திருக்கிறீர்கள். அதை நடுவில் சதுரமாக வெட்டினால் மேலே எட்டில் ஒரு பங்கும் கீழே எட்டில் ஒரு பங்கும் போகும். கலசங்கள் பெரும்பாலும் அந்த மேல் பங்கில்தான் இருக்கும். 9:16 படமென்றால் மேலும் கீழும் தலா ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும்.

ஆனாலும் நடுவெட்டைத்தான் பல ஆப்களில் பார்க்கிறோம். ஆண்ட்ராய்டில் தம்ப்நெய்ல்யூட்டில்ஸ் என்ற தயார்நிலைக் கருவி அதை ஒரே வரியில் செய்துவிடும், பட்டியலும் சீராகத் தெரியும். உணவுத் தட்டு, ஜிகர்தண்டா கிளாஸ் மாதிரி பொருள் நடுவிலேயே இருக்கும் படங்களுக்கு இதுவே போதும். நிமிர்ந்த படங்களுக்கு மட்டும் வெட்டைச் சற்று மேலே ஏற்றுங்கள். 375×500 படத்தில் 125 பிக்சல் கழிய வேண்டும். மேலே 62, கீழே 63 என்று பிரிக்காமல் மேலே 30, கீழே 95 எனக் கழித்தால் கோபுரமும் தலையும் பெரும்பாலும் தப்பும்.

புள்ளி டிசைன் கொண்ட சுங்குடிச் சேலை விற்கும் ஆப்புக்கு இது ஒத்துவராது. கரையும் முந்தியும் பார்த்துத்தான் சேலை எடுப்பார்கள், வெட்டினால் முதலில் போவது அவைதான். அங்கே ஓரம் நிரப்புவதே சரி: 300×300 சதுரத்துக்குள் படம் 225×300 ஆக உட்காரும், பக்கத்துக்கு 37, 38 பிக்சல் வெறும் நிறம். பட்டியல் கொஞ்சம் ஒழுங்கற்றுத் தெரியும், படத்துக்குக் கிடைப்பது முக்கால் பரப்புதான். அந்த விலையைக் கொடுக்கலாம். நிறத்தை முதலில் பூசிவிட்டு அதன் மேல் படத்தை வரையுங்கள். ஓரத்தை ஒளிபுகும்படி விட்டு ஜேபெக்காகச் சேமித்தால் ஆண்ட்ராய்டில் கறுப்புப் பட்டைதான் வரும்.

இழுத்துச் சதுரமாக்குவதை யோசிக்கவே வேண்டாம்.

கல்யாண ஸ்டூடியோ ஆப்புக்கு முகம் பார்த்து வெட்டுவது நல்லது. கூகுளின் எம்எல் கிட் என்ற கருவி போனிலேயே முகத்தைத் தேடித் தரும், ஆனால் முகம் குறைந்தது 100×100 பிக்சலாவது இருக்க வேண்டும். சிறிதாக்கிய படத்தைக் கொடுத்தால் குரூப் போட்டோவில் யாருமே சிக்க மாட்டார்கள். பெரிய படத்தில் தேடி, கிடைத்த இடத்தைச் சிறிய படத்தின் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முகமே கிடைக்காவிட்டால் மேலேற்றிய வெட்டுக்குத் திரும்புங்கள்.

எந்த வழியானாலும் முழுப் படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு வெட்டாதீர்கள். 4000×3000 படம் நினைவகத்தில் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி பிடிக்கும். பட்டியலில் பத்துப் படம் வந்தாலே சாதாரண போனில் ஆப் விழக்கூடும். ஆண்ட்ராய்டில் படத்தைத் திறக்கும்போதே எத்தனை மடங்கு குறைப்பது என்று சொல்லும் இன்சாம்பிள்சைஸை 8 என்று வைத்தால் 500×375, வெறும் 0.75 எம்பி. 16 வைத்தால் குறுகிய பக்கம் 187 ஆகிவிடும், 300க்குப் பெரிதாக்க வேண்டிவந்து மங்கும்.

சுங்குடியில் இன்னொரு சிக்கல், புள்ளி. 3000த்திலிருந்து 300க்கு ஒரே தாவலில், பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து மென்மையாக்கும் ஃபில்டர் இல்லாமல் சுருக்கினால் இடையிலுள்ள பிக்சல்கள் விடுபட்டு, சில புள்ளிகள் மறைந்து, துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றும். வாடிக்கையாளர் அதையே டிசைன் என்று நினைப்பார். முதலில் 8ஆல் குறைத்துத் திறந்து, மீதியை ஃபில்டர் போட்டுச் சுருக்கினால் புள்ளி புள்ளியாகவே நிற்கும்.

ஐபோனின் ஐஓஎஸ்ஸில், படங்களைத் திறக்கும் இமேஜ்ஐஓவிடம் நேரடியாகத் தம்ப்நெய்ல் கேட்கலாம். அங்கே கொடுக்கும் அளவு நீளமான பக்கத்துக்கானது. 4:3 படத்திலிருந்து 300 சதுரம் வெட்ட 400 என்று கொடுக்க வேண்டும். 300 கொடுத்தால் குறுகிய பக்கம் 225தான் கிடைக்கும்.

நிமிர்த்தி எடுத்த படத்தைப் பல போன்கள் படுக்கையாகவே சேமித்து, திருப்ப வேண்டிய திசையை எக்ஸிஃபில், அதாவது படக் கோப்போடு வரும் தகவல் குறிப்பில், மட்டும் குறித்து வைக்கும். படத்தைத் திறக்கும் ஆண்ட்ராய்டின் பிட்மேப்ஃபேக்டரி அதைக் கண்டுகொள்ளாது. நடுவெட்டில் படம் சாய்ந்து நிற்பதோடு போகும், திருப்பினால் சரியாகிவிடும். மேலேற்றிய வெட்டில் ‘மேல்’ என்று ஆப் நினைப்பது படத்தின் இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ இருக்கும். ஆகவே முதலில் திருப்புங்கள், பிறகு வெட்டுங்கள்.