2கே கிளியர் கோட் ஸ்ப்ரே: வாங்கலாம், ஆனா பொறுமை வேணும்
கார் பானெட்ல கிளியர் கோட் (கலருக்கு மேல இருக்குற நிறமில்லாத பளபளப்பு பூச்சு) உரிஞ்சு வெள்ளை வெள்ளையா திட்டு விழுந்துச்சுன்னு இந்த 2கே, அதாவது ஹார்டனர் (இறுக வைக்கிற கெமிக்கல்) தனியா இருந்து கலக்குற ஸ்ப்ரே வாங்கினேன், கேன் அடியில இருக்குற பின்னை அழுத்துனா உள்ள ஹார்டனர் கலக்கும், அப்புறம் 1, 2 நாளுக்குள்ள அடிச்சு முடிச்சிடணும் இல்லன்னா கேன்லயே இறுகிடும். பளபளப்பு செம, பெட்ரோல் சிந்தியும் ஒண்ணும் ஆகல, ஹார்டனர் இல்லாத சாதா 1கே இவ்ளோ தாங்காது.

ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி உரிஞ்ச ஓரத்தை 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு, விரலை ஓட்டிப் பாத்தா மேடு தட்டாத அளவுக்கு கொண்டுவரணும், அவசரப்பட்டா விளிம்பு அப்படியே தெரியும். தேய்க்கிற தண்ணி பால் மாதிரி வந்தா கிளியர் கோட்தான் தேயுது, கலரா வந்தா உடனே நிறுத்திடுங்க, பேஸ் கோட் (அடியில இருக்குற கலர் பூச்சு) போகுது. திட்டு மட்டும் அடிக்காம முழு பேனலும் அடிங்க. ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற, மூச்சுக்கு ஆபத்தான கெமிக்கல் இருக்கு, துணி மாஸ்க் பத்தவே பத்தாது, கார்ட்ரிட்ஜ் ரெஸ்பிரேட்டர் (ஃபில்டர் வச்ச மாஸ்க்), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கிளவுஸ் இல்லாம தயவுசெஞ்சு தொடாதீங்க.